வண்டிக்கு ஒரு தலை

மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து நின்றதும் டிரைவர் இறங்க மாட்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வரிசையாக நிற்கும் பெண்களை விரலால் சுட்டி எண்ணுவார். சந்தையில் ஆடு எண்ணுவது மாதிரிதான் இருக்கும். பத்துத் தலை சரியாக இருந்தால் கதவு திறக்கும், இல்லையென்றால் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். அந்தப் பத்தில் ஒரு தலை என்னுடையது. பி.எஸ்ஸி. கணிதம், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி எல்லாம் அந்தத் தலைக்குள்தான் இருக்கின்றன. டிரைவர் அண்ணாச்சிக்கு அதெல்லாம் எதற்கு? அவருக்குத் தலை இருந்தால் போதும்.

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நான் கல்லூரியில் படித்தபோது, கூடப் படித்த மதுரைப் பெண் ஒருத்தி, "உங்க அண்ணி ஆபீஸ்ல என்ன வேலை பாக்குறாங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் என்றேன். நான் பொய் சொல்லவில்லை. சிமெண்டுத் தரையில் சாக்கை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்துதான் பெட்டி அடைப்பார்கள். மருந்து முக்கிக் காய்ந்த குச்சிகள் தட்டுத் தட்டாக வரும். ஒரு கை அள்ளிப் பெட்டிக்குள் போட்டு மூடி, அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும். தட்டுக்கு இவ்வளவு என்று கூலி.

என் அண்ணன் மனைவி, அதாவது என் மதினி, அந்த வேலையில் எமகாதகி. பெட்டியைப் பார்க்காமலே அடைப்பாள். பேசிக்கொண்டும், பக்கத்தில் இருப்பவளைத் திட்டிக்கொண்டும், பாட்டை முணுமுணுத்துக்கொண்டும் அடைப்பாள். கை ஒரு பக்கம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வேகத்தில் குச்சிகள் உரசி எப்போதாவது பொறி தட்டிச் சுட்டுவிடும். அதனால் அவளுடைய வலது கட்டைவிரலின் ஓரத்தில் தோல் வழுவழுவென்று இருக்கும்.

அந்தக் கையால் அவள் தன் மகளுக்குச் சோறு ஊட்டியதில்லை. சிறு வயதில் ஊட்டப் போனால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மருந்து வாடை. சோப்பு, புளி, சீயக்காய் என்று மதினி எதைப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் அந்த வாடை ஒட்டிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரு கரண்டி வாங்கி வந்து ஊட்டினாள். கரண்டி இல்லாத நாளில் நான் ஊட்டுவேன். "ராஜா வீட்டு மூக்குல்லா எம் மவளுக்கு" என்று சிரிப்பாள். சிரிப்பு முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்வாள்: "இவ கையில இந்த வாடை வரக்கூடாது. எங்கூட முடிஞ்சிரணும்." வயதுக்கு வராத பிள்ளையாக அதே வண்டியில், விடிவதற்கு முன்னால் தூக்குச்சட்டியோடு ஏற்றப்பட்டவள் அவள். இப்போது சின்னப் பிள்ளைகளை யாரும் ஏற்றுவதில்லை. ஆனாலும் மகள் எந்த வயதிலும் அந்த வண்டிப் படியில் கால் வைக்கக் கூடாது என்பது மதினியின் பிடிவாதம். இந்த வீட்டில் நான் பார்த்த ஒரே திட்டம் அதுதான்.

நான் இந்த வீட்டில் சும்மா இருப்பதற்கும் கதை உண்டு. டவுனில் ஒரு சின்ன இங்கிலீஷ் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேர் ஆபீஸுக்குப் போகிறவர்கள். அங்கே வேலை குறையக் குறைய இங்கே வகுப்பில் பெஞ்சு காலியானது. முதலில் எங்கள் சம்பளத்தைக் குறைத்தார்கள், பிறகு இரண்டு வகுப்பை ஒன்றாக்கினார்கள், பிறகு ஒரு கோடை விடுமுறையின் கடைசியில் தலைமையாசிரியை கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "ஜூன்ல பிள்ளைக சேர்ந்தா சொல்லி அனுப்புதோம் டீச்சர்" என்றார். நல்ல மனுஷி. அந்த ஜூனும் போனது, அதற்கடுத்த ஜூனும் போனது. தகுதித் தேர்வில் பாஸ் செய்ததற்கு அரசாங்கம் தந்த சான்றிதழ் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் "சாப்டாச்சா" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்னும் போஸ்டிங் வரலியா?" என்பார்கள். முன்பெல்லாம் நின்று விளக்கிச் சொல்வேன். இப்போது சாப்டாச்சு என்றே பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஆபீஸில் வேலை ஏன் குறைந்தது என்று தெரிந்துகொள்ள நாங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. விலக்கில் இருக்கிற டீக்கடையிலேயே காரணம் தொங்கியது. சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் லைட்டர். கடைக்காரர் அதை நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பீடி, சிகரெட் வாங்குகிறவன் டக்கென்று ஒரு அழுத்து அழுத்திப் பற்றவைத்துக்கொண்டு போவான். தீப்பெட்டி கேட்கிற ஆளே இல்லை. ஒரு நாள் மதினி வண்டிக்குக் காத்திருந்தவள் நேராகக் கடைக்குப் போய் நின்றாள்.

"ஏன் அண்ணாச்சி, காலையும் சாயங்காலமும் உம்ம கடையில டீ குடிக்கது நாங்க. எங்க கஞ்சில மண்ணள்ளிப் போடுததும் நீரா?"

"நான் என்ன தாயி செய்ய? கம்பெனிக்காரன் கொண்டாந்து கட்டிட்டுப் போறான். நான் அவுத்துட்டா அடுத்த கடைக்காரன் கட்டுவான்."

"அவன் கட்டும்போது அவன்ட்ட கேட்டுக்கிடுதோம். நீரு அவுரும்."

மனிதர் அவிழ்த்துவிட்டார். வண்டி போனதும் மறுபடி கட்டிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. சாயங்காலம் பெண்கள் இறங்குகிற நேரத்துக்கு அவிழ்ப்பதும் போனதும் கட்டுவதுமாகக் கொஞ்ச நாள் அந்த நாடகம் நடந்தது. அதன் பிறகு அவரும் சலித்துப்போய் அவிழ்ப்பதை விட்டுவிட்டார், மதினியும் கேட்பதை விட்டுவிட்டாள்.

வாரம் முழுக்க இருந்த வேலை பாதி வாரமானது. அரை வார வேலைக்குப் போவதற்குப் பதில் உளுந்து பறிக்கவோ திருப்பூருக்கோ போகலாம் என்று சிலர் நின்றுவிட்டார்கள். விலக்கில் ஆள் குறைந்தது. ஒரு நாள் டிரைவர் கதவைத் திறக்காமலே பேசினார்.

"முதலாளி சொல்லிட்டாவ. பத்து ஆளுக்குக் கொறஞ்சா இந்த விலக்குல நிப்பாட்டக் கூடாதாம். டீசலுக்குக் கட்டுபடி ஆகலையாம். எம்மேல கோவப்படாதீய, நாளையிலிருந்து எண்ணித்தான் ஏத்துவேன்."

எங்கள் ஊருக்குச் சரியான நேரத்தில் பஸ் கிடையாது. ஷேர் ஆட்டோவில் போய்வந்தால் கூலி அதற்கே சரியாகப் போகும். வண்டி வருவது நின்றால் வேலை நின்ற மாதிரிதான். அன்றைக்குச் சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கிய பெண்கள் வீட்டுக்குப் போகாமல் நிழற்குடையிலேயே உட்கார்ந்து பேசினார்கள். யோசனை சொன்னது என் மதினிதான்.

எங்கள் ஊரில் ஆட்டு முறை என்று ஒன்று உண்டு. இரண்டு ஆடு, நாலு ஆடு வைத்திருக்கிற வீடுகள் தனித்தனியாக மேய்க்கப் போவதில்லை. இன்றைக்கு ஒரு வீட்டு ஆள் ஊர் ஆடு அத்தனையையும் பத்திக்கொண்டு போவார், நாளைக்கு அடுத்த வீட்டு ஆள். முறை தவறினால் பேச்சு வாங்க வேண்டும். அதையே வண்டிக்கும் வைத்துக்கொள்வோம் என்றாள் மதினி. ஆபீஸுக்குப் போகிற பெண் இருக்கிற வீடெல்லாம் முறை போட்டு, எண்ணிக்கைக்கு ஒரு ஆளை அனுப்ப வேண்டும். வேலை தெரிகிறதோ இல்லையோ, விலக்கில் நிற்க வேண்டும், வண்டியில் ஏற வேண்டும். அவ்வளவுதான்.

பிள்ளைகள் விளையாட்டில் ஆள் குறைந்தால், ஆடத் தெரியாத ஒருத்தரைச் சும்மா சேர்த்துக்கொண்டு ஒப்புக்குச் சப்பாணி என்பார்கள். அந்தப் பேரையே எங்களுக்கும் வைத்துவிட்டார்கள். "இன்னைக்குச் சப்பாணி யாரு?" என்று கேட்டபடிதான் ஒவ்வொரு காலையும் விடிந்தது. மாமியார்கள் வந்தார்கள், தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு ஒருத்தி வந்தாள், பிரசவத்துக்கு வந்த மகளைக்கூட ஒரு வீட்டில் அனுப்பப் பார்த்து, மற்றவர்கள் திட்டித் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் வீட்டு முறைக்கு நான். போகப் போக, மற்ற வீட்டு முறைக்கும் நான்தான். சும்மா இருக்கிற ஆள் ஊருக்கே பொதுச்சொத்து.

உள்ளதைச் சொன்னால், முதல் சில நாட்கள் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. காலையில் எழுந்து தலை சீவிக் கிளம்புவதற்கு ஒரு இடம் இருந்தது. வண்டிக்குள் கேலியும் சிரிப்புமாகப் போகும். "டீச்சருக்கு ஜன்னலோர சீட்டக் குடுங்கட்டி, காத்து வாங்கிட்டு நமக்குக் கணக்கு சொல்லித் தரட்டும்" என்பார்கள். ஆபீஸில் என் கை ஓடாது. ஒரு பெட்டிக்கு எத்தனை குச்சி என்று நான் எண்ண ஆரம்பிப்பதற்குள் மதினி ஒரு அடுக்கை முடித்திருப்பாள். "எண்ணாத, கை சொல்லும்" என்பாள். என் கை எனக்கு எதையும் சொல்லவில்லை.

எங்கள் யோசனையில் இருந்த ஓட்டை கொஞ்ச நாளில் தெரிந்தது. வண்டியில் வந்த எல்லோருக்கும் தட்டு வைக்க வேண்டும் என்பது அந்த ஆபீஸில் ரொம்ப காலமாக இருக்கிற வழக்கம். வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று யாரோ நல்ல மனதோடு ஏற்படுத்தியிருக்க வேண்டும். இருக்கிற குச்சியை வந்த தலைக்கெல்லாம் கணக்கப்பிள்ளை பங்கு வைப்பார். சப்பாணிக்கும் ஒரு பங்கு. என் தட்டை மதினி பக்கம் தள்ளப் பார்த்தேன், அவர் விடவில்லை. அவரவர் பேருக்கு அவரவர் தட்டு என்றார். எங்கள் ஊர்தான் புத்திசாலி என்று நினைத்திருந்தோம். விசாரித்தால், இடைசெவல் பக்கமிருந்து வருகிற வண்டியிலும், புதூர்ப் பக்கமிருந்து வருகிற வண்டியிலும் அவரவர் ஊர்ச் சப்பாணிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸ் நிறைந்து வழிந்தது, தட்டு நிறையவில்லை. மத்தியானச் சோற்றுக்கு முன்பே குச்சி தீர்ந்துவிடும். சாயங்காலம் வண்டி எடுக்கும்வரை அத்தனை பெண்களும் சுவரில் சாய்ந்து, வெறும் பெட்டியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருந்தது. மதினியிடம், நான் நாளையிலிருந்து வரவில்லை என்றேன்.

"நீ வரலன்னா வண்டி வராது. வண்டி வரலன்னா அரைத் தட்டும் கிடையாது. பேசாம தலையக் காட்டிட்டு வா."

"இப்படியே போனா என்னாகும் மதினி?"

"வண்டியக் காப்பாத்திட்டோம்லா, அதோட விடு" என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "வேலையத்தான் நாமளே தின்னுட்டோம்" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன செய்ய?

அண்ணன் மகள் அப்போது பி.காம். முடித்திருந்தாள். மதினியின் திட்டப்படி அடுத்தது வேலை. கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் வேலைவாய்ப்பு முகாம் போட்டார்கள். நான்தான் கூட்டிப் போனேன். பாதிப் பேர் என்னைப் போலத் துணைக்கு வந்தவர்கள், மீதிப் பேர் அவளைப் போலப் புதுச் சுடிதாரும் பிளாஸ்டிக் பைலுமாக வந்தவர்கள். சாமியானா பந்தலுக்குக் கீழே கம்பெனிக்கு ஒரு மேஜை. எந்த மேஜைக்குப் போனாலும் முன் அனுபவம் உண்டா என்ற கேள்விதான் முதலில் வந்தது. "வேலை குடுத்தால்லா அத்தை அனுபவம் வரும்" என்று என் காதில் முணுமுணுத்தாள். ஒரு மேஜையில் இருந்த பையன் என்னையும் பார்த்து, மேடம் உங்களுக்கு என்ன வயசு என்றான். சொன்னேன். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகலாமே என்று ஒரு தாளைக் கொடுத்தான். அவனும் மூன்று மாத கான்டிராக்டில் இருப்பதாக அவனே சொன்னான்.

கடைசியில் ஓசூர்க் கம்பெனி ஒன்றில் அவளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவு. பதில் நன்றாகச் சொன்னாள். வெளியூர் போகத் தயாரா என்றதற்கு, நாளைக்கே போகிறேன் என்றாள். செலக்ட் ஆகிவிட்டது, இரண்டு வாரத்தில் போன் வரும் என்றார்கள். வரும் வழியில் பாய் கடையில் அவளுக்கு ஒரு பயணப்பை வாங்கினோம். கடைக்கார பாய், "எந்த ஊருக்கும்மா?" என்று கேட்டார். ஓசூர் என்று அவள் சொன்னபோது குரலில் ஒரு துள்ளல் இருந்தது. மதினி அன்றைக்கு ஊரையே கூப்பிட்டுச் சொன்னாள். வண்டியில் எல்லோருக்கும் பூந்தி கொடுத்தாள்.

எங்கள் வீட்டில் ஜன்னல் கட்டையில்தான் சிக்னல் கிடைக்கும். போன் அங்கேயே குடியிருந்தது. அதிலிருந்து யாரும் பேசக் கூடாது, லைன் பிஸியாக இருந்தால் என்னாவது என்பது மதினியின் சட்டம். போன் வரத்தான் செய்தது. எடுத்தால், உங்களுக்குக் கடன் வேண்டுமா என்று பதிவு செய்த குரல் ஒன்று பாசமாகக் கேட்கும். வேலை கொடுக்க ஆளில்லாத நாட்டில் கடன் கொடுக்க எத்தனை பேர்! ஓசூர்க் கம்பெனிக்காரர்கள் தந்த நம்பருக்கு நான் அழைத்தால், ஆட்கள் எடுப்பதைத் தள்ளி வைத்திருக்கிறோம், கூப்பிடுவோம் என்றார்கள். பிறகு அழைத்தால் எடுக்கவில்லை. பயணப்பை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பரணில் இருந்தது.

அந்த நேரத்தில் அண்ணன் வந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். முன்பெல்லாம் அவன் ஊருக்கு வருகிறான் என்றால் பொங்கல், தீபாவளி, ஊர்க் கோயில் கொடை என்று ஏதாவது ஒன்று இருக்கும். விசேஷம் எதுவும் இல்லாமல், பையில் எல்லாத் துணியையும் அடைத்துக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றபோது எங்களுக்குப் பயமாக இருந்தது. "ஆர்டர் இல்ல. கூப்பிடுதேன்னு சொல்லிருக்காவ" என்றான். எங்கள் வீட்டில் இப்போது யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவர்கள் மூன்று பேர். வேலை என்று சொல்லிக்கொள்ள இருந்தது மதினியின் அரைத் தட்டு மட்டும்.

உளுந்து பறிப்பு நேரம் அது. உளுந்துக் காடுகளில் கூலிக்கு ஆள் தேடினார்கள். அன்றைக்கு முறைக்காரி வீட்டிலிருந்து ஆள் வரவில்லை, பறிப்புக்குப் போய்விட்டார்கள். நான் இருந்தேன், மதினி இருந்தாள், அப்படியும் ஒரு தலை குறைந்தது. டிரைவர் எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

"ஒம்பதுதான் இருக்கு. கெளம்பட்டுமா?"

"இருங்க அண்ணாச்சி, இந்தா வந்துட்டேன்" என்று மதினி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாள். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கரிசல் பாதையில் காலை வைத்தால் மண் அப்பிக்கொள்ளும். அதில் விழாமல் அவள் ஓடியதே பெரிது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். யாரைக் கூட்டி வரப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் மதினி என்று கத்த வேண்டும்போல இருந்தது, ஆனால் வண்டியைச் சுற்றி நின்ற மற்ற ஏழு பேர் முகத்தையும் பார்த்தேன்.

பாதையின் வளைவில் இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் மகள் ஒரு கையில் செருப்பும் இன்னொரு கையில் முடியுமாக, பின்னிக்கொண்டே வந்தாள். தூங்கி எழுந்த முகம். மதினிக்கு மூச்சு வாங்கியது.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்ட்டி. ஒண்ணும் தொடாத. அத்தை பக்கத்துல உக்காந்துக்கோ, போதும்."

"சரிம்மா, அதுக்கு ஏன் அழுத?"

"யாரு அழுதா? ஓடி வந்ததுல கண்ணுல தூசி."

மழை பெய்து நனைந்து கிடந்த மண்ணில் தூசி எங்கிருந்து வரும்? மகள் படியில் கால் வைக்கும்போது மதினி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் பத்து என்றார்.

ஆபீஸில் அவளுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். சும்மா இருக்கச் சொன்னால் அந்த வயதில் யார் சும்மா இருப்பார்கள்? அம்மாவின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அள்ளினாள், போட்டாள், மூடினாள். சோற்று நேரத்துக்குள் அவள் கை ஓட ஆரம்பித்துவிட்டது. நான் இத்தனை நாளாகப் படித்தும் வராத பாடம் அவளுக்கு ஒரு காலையில் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் தட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "தாயப் போல கை" என்றார்கள். மதினியின் முகத்தில் ஒரு பெருமை எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடியே, "போதும்ட்டி, கைய எடு" என்று அதட்டினாள். அதற்குள் கணக்கப்பிள்ளை வந்து நின்று பார்த்துவிட்டார்.

"யாரு பிள்ள இது?"

அவளே சொன்னாள், அம்மாவைக் காட்டி. படிப்பு என்ன என்று கேட்டார். அதையும் சொன்னாள். முகாமில் கேள்வி கேட்டவர்களிடம் பேசிய அதே தெளிவான குரலில் சொன்னாள்.

ஒரு நாளைக்கு மட்டும் என்றது அந்த வாரம் முழுக்க ஆனது. பறிப்பு முடிந்த பிறகும் அவள் வந்தாள். அப்பா வீட்டில் இருக்கிறார், ஓசூரிலிருந்து போன் இல்லை, வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய என்றாள். "போன் வார வரைக்கும்தான் அத்தை" என்றாள் என்னிடம். நானும் ஜூன் வரைக்கும்தான் என்று ஆரம்பித்தவள். அதை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு ஆபீஸுக்கு மிஷின் வந்தது. பெட்டி அடைக்கிற மிஷின். லைட்டர் விலைக்குப் போட்டி போட வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்று முதலாளி எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மிஷினைக் கவனிக்கவும், அதற்குக் குச்சியும் பெட்டியும் போடவும், கம்ப்யூட்டரில் பதியவும் கொஞ்சம் பேர் போதும், படித்த பிள்ளைகளாக, சின்ன வயதாக இருந்தால் நல்லது என்றார். கணக்கப்பிள்ளை பேர் வாசித்தார். எங்கள் ஊரிலிருந்து அண்ணன் மகளின் பேர் மட்டும் இருந்தது. மதினியின் பேர் இல்லை. மற்ற பெண்களைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை, "ஆர்டர் கூடினா சொல்லி அனுப்புதோம்" என்றார். இந்த வார்த்தையை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

படிப்புக்கு வேலை இல்லை, படிப்பு கேட்டு யாரும் வரவில்லை என்று இத்தனை நாள் புலம்பிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு இடத்தில் படிப்பைக் கேட்டு வேலை கொடுத்தார்கள். அண்ணன் மகளுக்கு, அவள் அம்மா உட்கார்ந்திருந்த இடத்தையே.

அன்றைக்குச் சாயங்காலம் வண்டியிலிருந்து மதினி இறங்கி நடந்து வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போனாள். அண்ணன் மகள் பின்னாலேயே போய், "நான் போகலம்மா. நீ போகாத இடத்துக்கு நான் போகல" என்றாள். மதினி திரும்பாமலே, "போகாம? பின்ன சோத்துக்கு?" என்றாள். அண்ணன் வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். எனக்குத் தாய், மகள் இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல் ஒரு கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. மூன்றையும் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

இப்போது பெரிய வண்டி வருவதில்லை. ஏழெட்டு ஊருக்கும் சேர்த்து ஒரு சின்ன வேன் வருகிறது. எண்ணுவது கிடையாது. எங்கள் விலக்கில் ஒரே ஒருத்திதான் ஏறுகிறாள், அவளுக்காக வேன் நிற்கிறது. பத்துத் தலையைத் திரட்டி நாங்கள் காப்பாற்ற நினைத்தது வண்டி இப்படி நிற்பதைத்தான். ஆட்டு முறை மட்டும் பழையபடி நடக்கிறது. மதினி இரண்டு ஆடு வாங்கிவிட்டாள், முறை வந்தால் போகிறாள். மற்ற நாட்களில் கைப் பழக்கம் போகாமல், வெறுமனே உட்கார்ந்திருக்கும்போது மடியில் விரல்கள் எதையோ அள்ளுவதும் போடுவதுமாக இருக்கும். நான் பார்ப்பதைப் பார்த்தால் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொள்வாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் அண்ணன் மகள் வேலை முடிந்து வந்து, கை கழுவிச் சோற்றுக்கு உட்கார்ந்தாள். ஒரு கவளத்தை வாயருகே கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்து, தட்டில் திரும்ப வைத்துவிட்டாள். எழுந்து போய்ப் புளியைப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்தாள். மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். "கரண்டி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

மதினி கரண்டியை எடுக்கவில்லை. தன் வலது கையை மூக்குக்கு அருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். வேலை போன இத்தனை நாளில் நகக்கண்ணில் இருந்த வாடை முழுக்கப் போயிருந்தது. மகள் முன்னால் வந்து உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்து, சோற்றைப் பிசைந்து உருட்டினாள். "வாயத் தெற" என்றாள். அவளும் திறந்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அம்மா கையால் சாப்பிட்டாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. அண்ணன் எழுந்து வெளியே போனான். தட்டு காலியாகும்வரை நான் அங்கேயே நின்றேன்.